டார்ச்சர் சார்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது இந்தப் பக்கம் அவர் கைக்குப் போய்ச் சேரும். பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து எழுத்தின் மேல் அடித்து, "ஏனுங்க அம்முணி, இது கருப்புங்களா? கருநீலம் கருப்பு வேசம் கட்டினாப்ல இருக்குதுங்க" என்பார். அந்தச் சிரமம் யாருக்கும் வேண்டாம். எங்கள் பனியன் கம்பெனியின் தையல் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் டார்ச்சர் சார். கையில் டார்ச், செய்வது டார்ச்சர். அதுவே போதும்.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் அவர் வருவார். பெட்டி கட்டுவதற்கு முன் பீஸ்களை எடுத்துப் பார்த்து ஏற்கவோ தள்ளவோ செய்கிற இன்ஸ்பெக்டர். நான் மெர்ச்சண்டைசர். அதாவது, அவர்கள் கேட்டதும் நாங்கள் தைத்ததும் ஒன்றேதான் என்று சிரித்த முகத்தோடு சாதிக்கிற வேலை. அந்த வேலையில் இருந்த மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து "சரிங்க" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ஏற்றுக்கொண்டால் "பாக்கலாமுங்க" என்பார். தள்ளுவதாக இருந்தால், "தங்கமா இருக்குதுங்க. வேண்டாமுங்க" என்பார். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் வயிற்றெரிச்சலைக் கிளப்ப முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவரை இப்போது எழுதக் காரணம் என் மகள். அவள் பிறந்த ஐந்தாம் நாள், அவளுக்குக் காமாலை இருக்கிறதா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார்: முகம் லேசாக மஞ்சளித்தால் பரவாயில்லை, அது வயிறு, கால் என்று கீழே இறங்கினால் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் எது என்று தெரிய வேண்டுமே.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கும் பிள்ளைக்கும் ஒதுக்கிய அறைக்கு அப்பா புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். மங்களகரமாக இருக்க வேண்டும் என்று மாம்பழ மஞ்சள். சன்னலுக்கு வெளியே சாரல் அடிக்காமலிருக்க நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார். மூன்று நாளாக மழை மூட்டம். போதாததற்கு, பிள்ளையைப் பார்க்க மடத்துக்குளத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் அன்று காலையில்தான் பெண் பிள்ளை என்று ஆசையாகப் பூசுமஞ்சள் தேய்த்துத் தண்ணீர் வார்த்திருந்தார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே துவட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

"அத்தை, பாப்பா மஞ்சளா இருக்கறாளாட்டம் தெரியுதுங்க" என்றேன்.

"மஞ்சப் பூசித் தண்ணி வாத்தா மஞ்சளாத்தான் இருக்கும் கண்ணு. பின்ன நீலமாவா இருக்கும்?" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்து, "செவுரு அடிக்கிற மஞ்ச அது. நீயுந்தான் மஞ்சளா இருக்கற. வெசனப்படாம ஒரு வாய் சாப்பிடு" என்றார்.

செல்போனில் படமெடுத்துப் பார்த்தேன். போனில் என் மகள் சோப்பு விளம்பரத்துக் குழந்தைபோல ரோஜா நிறத்தில் இருந்தாள். வேலைக்குப் போயிருந்த கணவருக்கு அனுப்பினேன். அவர் இதயப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

அதற்கு முந்தைய நாள்தான் பிள்ளைக்கு விக்கல் நிற்கவில்லை என்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தேன். "பால் குடிச்சா விக்கல் வரத்தானுங்க செய்யும்" என்று நர்ஸ் சிரித்தார். கூட வந்த அம்மா அந்தச் சிரிப்பை வீட்டில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். அடுத்த நாளே மறுபடியும் போய் நிற்பதா? டாக்டர் வரச்சொன்னது திங்கட்கிழமை. அன்று சனி. இரண்டு நாள்தானே என்று ஒரு மனம். இரண்டு நாளில் ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொரு மனம். அந்த மஞ்சள் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான், கேட்டு எத்தனையோ வருடமான ஒரு குரல் காதில் விழுந்தது. "உங்க சுடிதாரு துணிக்குக் காமாலையக் கொண்டாந்துருச்சுங்க."

அது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வெள்ளை பனியன்களை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, மாம்பழ நிறச் சுடிதாரில் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கைகூப்பாத குறையாக, "கோவிச்சுக்காதீங்க. சித்த அக்கட்ட போயி நில்லுங்க" என்றார். நான் நகர்ந்ததும் துணி வெளுத்துவிட்டது. நிஜமாகவே வெளுத்தது. என் முகம் மட்டும் சிவந்தது.

அவர் சாம்பல் நிறச் சட்டையைத் தவிர வேறு போட்டதில்லை. கலர்ச் சட்டை போட்டால் அதன் சாயல் துணியில் விழுமாம். அவரிடம் ஒரே ஒரு சட்டைதான் இருக்கிறது என்று ஒரு கட்சியும், ஒரே மாதிரி ஆறு இருக்கின்றன என்று இன்னொரு கட்சியும் தையல் பகுதியில் இருந்தன. ஒருநாள் காலர் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டால் தெரிந்துவிடும் என்று ஒருத்தி திட்டம் போட்டாள். கிட்டே போனதும் அவர் திரும்பி, "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டதால் திட்டம் கைவிடப்பட்டது.

உடுமலைப்பேட்டைக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. வயிறு முதலில் வாசலுக்குள் நுழையும், பிறகு டார்ச், கடைசியாக அவர். கட்டைவிரல் நீளமுள்ள சின்ன டார்ச்தான். சட்டைப் பாக்கெட்டில் பேனாபோல் செருகியிருப்பார். கம்பெனியில் லைட் பாக்ஸ் இருந்தது. உள்ளே சாம்பல் பூசிய பெரிய பெட்டி, அதில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று வகைக்கொரு விளக்கு, நிறம் பார்ப்பதற்கென்றே செய்தது. அதில் பார்ப்பார். பிறகு துணியைக் கையில் எடுத்துக்கொண்டு தன் டார்ச்சை அடித்துப் பார்ப்பார். பிறகு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார். மூன்று சாட்சியும் ஒரே வார்த்தை சொன்னால்தான் "பாக்கலாமுங்க".

விளக்குகளை அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல மார்க் போட்டுப் பேசுவார். "உங்க டியூப் லைட்டு எழுபது மார்க்குங்க. பாசுதான். ஆனா செவப்புப் பாடத்துல முட்டை" என்பார். வெயிலுக்கு நூற்றுக்கு நூறு. செல்போன் விளக்குக்கு மார்க் போட மறுத்தார். "அது பரீச்சைக்கே வர்லீங்க. ஆள அனுப்பிச்சுட்டு வெளிய நிக்குது."

அவருக்கு ஒத்தே வராத சொல் ஒன்று உண்டு. கமர்ஷியல் ஓகே. எங்கள் தொழிலில் அது தினமும் புழங்குகிற சொல். நிறம் அச்சு அசலாக இல்லை, ஆனால் விற்கிற அளவுக்கு இருக்கிறது, கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். திருப்பூரில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதலாளி ஒருமுறை அவரிடம் அதைச் சொல்லிவிட்டார்.

"கமர்ஷியல் ஓகேன்னா என்னங்க?" என்று மிகப் பணிவாகக் கேட்டார் டார்ச்சர் சார். "பொண்ணுக்கு ஒரு முடிச்சு மட்டும் போட்டு உட்டிருக்குது, மத்த ரெண்டு முடிச்சு பொறவு போட்டுக்கலாம்ங்கிற மாதிரிங்களா?"

முதலாளி அன்று மதியம் சாப்பிடவில்லை.

முதலாளி அப்படிச் சொன்ன அந்த லாட்டை, அதாவது அந்தச் சரக்குத் தொகுதியை, முதலில் ஓகே செய்தது நான்தான். செங்கல் சிவப்பு டீ-சர்ட். உடம்புத் துணி ஒரு நாள் சாயம் போட்டது, கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி வேறு நாள். எங்கள் டியூப் லைட்டின் கீழ் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தைச் சொன்னால் உற்பத்தி நின்றுவிடுமே என்று பயந்து, பயத்தையே ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு பீஸை வாசலுக்கு எடுத்துப்போனார். வெயிலில் உடம்பு செங்கல்லாகவும் கழுத்து காவியாகவும் பிரிந்து நின்றன. "உடம்பு குடும்பம் நடத்துது, கழுத்து சாமியாராப் போயிருச்சுங்க" என்றார். லாட் முழுவதும் நின்றது. அந்த வாரம் முழுக்க நான் அவரை மனதுக்குள் திட்டிய வார்த்தைகளை என் அம்மா கேட்டால் என்னைப் படிக்கவைத்ததற்கு வருத்தப்படுவார்.

அவருடைய டார்ச்சுக்கு வீடு, கம்பெனி என்ற பேதம் கிடையாது. கேன்டீன் தக்காளிச் சட்னியில் தக்காளி எவ்வளவு, மிளகாய்ப் பொடி எவ்வளவு என்று அடித்துப் பார்ப்பார். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், காப்பி வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்து, "ஏனுங்க தம்பி, வெள்ள முழி மஞ்சளா இருக்குதே, தண்ணி எச்சா போடுவீங்களோ?" என்று கேட்டாராம். அதோடு சொந்தக்காரர்கள் அவருக்குச் சொல்லாமலேயே நல்ல காரியங்களை முடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இது அவர் டிரைவர் சொன்னது. எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. அந்த மாப்பிள்ளை பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் அந்த டார்ச் செத்துப்போனது. வீரபாண்டியில் எங்களுக்குச் சாயம் போட்டுத் தருகிற பட்டறையில் குனிந்து எதையோ பார்த்தபோது, பாக்கெட்டிலிருந்து நழுவிக் கொதிக்கிற கருநீலச் சாயத்துக்குள் விழுந்துவிட்டது. கம்பெனிக்குத் திரும்பியபோது காலை பதினொரு மணி. அன்று அனுப்ப வேண்டிய லாட்டில் பாதியை முன்பே பார்த்தாகிவிட்டது. மீதியை லைட் பாக்ஸிலேயே பார்த்து முடித்துவிடச் சொல்லி முதலாளி கெஞ்சினார். "சாட்சி ஒண்ணு கொறையுதுங்களே" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். லாரி வாசலில் நிற்கிறது. முதலாளி என்னைப் பார்த்தார். "அம்முணி, கார எடுத்துக்கிட்டுப் போயி, அந்த மனுசனுக்கு ஒரு டார்ச்சு வாங்கிக் குடுத்துக் கூட்டியா. எந்தக் கடைன்னாலும் சரி."

டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. கடைக்காரர் உற்சாகமான மனிதர். முதல் டார்ச்சை எடுத்ததுமே, "இது அடிச்சா ரெண்டு கிலோமீட்டர் போகும்ங்க" என்றார்.

"நான் என்னங்க திருடனையா புடிக்கப் போறேன்? ரெண்டடி போனாப் போதும்ங்க. போன எடத்துல பொய் சொல்லக்கூடாது."

கடைக்காரர் சிரித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். முன்னால் இழுத்தால் ஒளி குவியும், தள்ளினால் விரியும். டார்ச்சர் சார் இடது கையை நீட்டித் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். பிறகு அதே வெளிச்சத்தைக் கடைக்காரர் முகத்தில் அடித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த லைட்டுல உங்க மூஞ்சி மூணு நாளு ஐஸ்ல வெச்சதாட்டம் இருக்குதுங்க."

"வெள்ளை வெளிச்சம்னா அப்படித்தானுங்க இருக்கும்!"

"வெயிலும் வெள்ளைதானுங்களே. வெயில்ல நீங்க நல்லாத்தான் இருக்கறீங்க."

பதிமூன்று டார்ச். நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் முதலில் உள்ளங்கை. "கையி செவப்பாத் தெரியோணும்ங்க. உள்ள ரத்தம் ஓடறது தெரியோணும். பொணமாட்டம் வெளுத்துத் தெரிஞ்சா அந்த லைட்டு செவப்ப முழுங்குதுன்னு அர்த்தம்." அடுத்து, என் பையிலிருந்த செங்கல் சிவப்பு ரிப் துண்டு. அந்தப் பாழாய்ப்போன லாட்டின் துண்டுதான், ஞாபகார்த்தமாக வைத்திருந்தேன். அதை வாங்கி, அதோடு நான் வைத்திருந்த உடம்புத் துணித் துண்டோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். "ஒரு கலரத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா அது என்ன வேணாலும் சொல்லும்ங்க. பக்கத்துல ஒருத்தர நிறுத்திக் கேக்கோணும்." பிறகு, டார்ச்சைச் சுவரில் அடித்து நடுவில் ஒரு நிறம் ஓரத்தில் ஒரு நிறம் என்று வட்டம் வட்டமாகத் தெரிகிறதா என்பது. பிறகு, பாக்கெட்டில் போட்டால் தொங்குகிறதா என்பது. ஐந்தாவது டார்ச்சுக்குக் கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். ஒன்பதாவதற்கு மின்விசிறியை நிறுத்தினார்.

பதிமூன்றாவதும் தோற்ற பிறகு, கல்லாவுக்கு அடியில் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியை டார்ச்சர் சார் எட்டிப் பார்த்தார். "அது என்னங்க?"

"அது ஆகாதுங்க. ரெண்டு பீசு வந்துச்சு. வாங்கிட்டுப் போன ஆளு பழைய குண்டு பல்பாட்டம் மங்கலா இருக்குதுன்னு ஒண்ணத் திருப்பிக் குடுத்துட்டாரு. இன்னொண்ணப் பிரிக்கவே இல்லீங்க."

ஒரே ஒரு பென்சில் செல் போடுகிற சின்ன டார்ச். அவர் உள்ளங்கையில் அடித்தார். அந்தக் கை ரோஜாவாகச் சிவந்தது. ரேகைகளுக்கு இடையில் நீல நரம்புகூடத் தெரிந்தது. மற்ற டார்ச்சுகளுக்குப் பக்கத்தில் மங்கல்தான். ஆனால் வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் நிற்பதுபோல் ஒரு வெளிச்சம். உடம்புத் துணி செங்கல், ரிப் காவி. கடைக்குள் இருந்துகொண்டே வெயில் சொன்னதைச் சொன்னது. அவர் டார்ச்சை என் பக்கம் நீட்டினார், நீயும் பார் என்பதுபோல.

"இதுதானுங்களா வேணும்?" என்றார் கடைக்காரர், தன் வாழ்க்கையையே மறுபரிசீலனை செய்கிற குரலில்.

"பாக்கலாமுங்க."

இன்னொன்றை நான் வாங்கிக்கொண்டேன். என் கைக்காசில். அன்பினால் அல்ல, வன்மத்தினால். இனி அவர் பார்ப்பதற்கு முன் அவர் வெளிச்சத்திலேயே நான் பார்த்துவைப்பேன், ஒருநாளாவது அவர் வாயிலிருந்து "சரிங்க" வரவைப்பேன் என்று ஒரு வைராக்கியம். வாங்கிய பிறகு காரில் உட்கார்ந்து, வாங்கியிருக்க வேண்டாமோ என்றும் யோசித்தேன்.

வன்மம் நன்றாகவே வேலை செய்தது. அதன்பின் என் லாட் எதுவும் நிறத்தில் தோற்கவில்லை. ஆனாலும் "சரிங்க" வரவில்லை.

கடைசியாக அவர் வந்தபோது இடது கண்ணில் புரை நீக்கியிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வான நீலத்தில் இரண்டு பீஸை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடினார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினார். தூரத்திலிருந்து பார்த்த தையல் பெண்கள், டார்ச்சர் சார் கண்ணடிக்கிறார் என்று குதூகலமானார்கள். அவர் என்னை அருகில் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்ற கண்ணுக்குள்ளயே ரெண்டு லைட்டு மாட்டீட்டாங்கங்க. ஆப்ரேசன் பண்ணாத கண்ணுல பாத்தா ரெண்டு துணியும் ஒண்ணு. பண்ணின கண்ணுல பாத்தா அண்ணன் தம்பி. இத்தன நாளா அந்தப் பழைய கண்ண வெச்சுக்கிட்டா எல்லாத்தையும் தள்ளிக்கிட்டிருந்தேன்னு வெசனமா இருக்குதுங்க." பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்தார். "நீங்க பாருங்க. ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"

பார்த்தேன். இரண்டு. சந்தேகமே இல்லை, இரண்டு. வாயைத் திறந்தேன். இரண்டு என்றால் என் கம்பெனி லாட்டை நானே தள்ளியதாகும். ஒன்று என்றால் பொய்யாகும். ஒருவேளை என் கண்ணிலும் கோளாறு இருந்தால்?

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்றேன்.

அவர் டார்ச்சைத் திரும்ப வாங்கி அணைத்தார். "என்ற கண்ணுக்குத் தெரியறத உங்களக் கேக்கலீங்க அம்முணி" என்றார். கோபம் இல்லை. அன்றுதான் அவர் பேச்சில் கேலி இல்லாமல் கேட்டேன், அதுவே கஷ்டமாக இருந்தது. தாளில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அவர் கண்ணைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தது வேறொரு இன்ஸ்பெக்டர். வாசலில் கால் வைக்கும்போதே கமர்ஷியல் ஓகே என்கிற ரகம். முதலாளி கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி நானும் வேலையை விட்டேன்.

அந்தக் கேள்வி மட்டும் பாக்கி நின்றது. ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?

மஞ்சள் அறையிலிருந்து எழுந்து பரணைத் துழாவினேன். பிள்ளை பெற்ற உடம்போடு ஸ்டூலில் ஏறியதற்கு அம்மா கத்தினார். பழைய ஆபீஸ் பை கிடைத்தது. உள்ளே டார்ச். செல் செத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் செல்லைப் பிடுங்கினேன்.

"மணி பாக்கறதுக்கு டார்ச்சு எதுக்கு?" என்றார் மாமியார்.

முதலில் என் உள்ளங்கையில் அடித்தேன். சிவப்பு. ரத்தம் ஓடியது. விளக்கு பொய் சொல்லவில்லை. பிள்ளையைச் சுவரை விட்டு நகர்த்தி, அறை நடுவில் வெள்ளை பனியன் துணி விரித்துப் படுக்கவைத்தேன். டியூப் லைட்டை அணைத்தேன். நான் போட்டிருந்த அரக்கு நைட்டிமேல் அப்பாவின் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டேன். அம்மாவும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசவமான பெண்களுக்கு வரும் மனக்கோளாறு பற்றி அவர்கள் ஏதோ கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

"அத்தை, பாதத்துல மஞ்சப் பூசினீங்களா?"

"பாதத்துக்கு ஆராச்சும் பூசுவாங்களா?"

ஈரத் துணியால் அந்தக் கடுகளவுப் பாதத்தைத் துடைத்தேன். துணியில் மஞ்சள் ஒட்டவில்லை. கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுத்தேன். ரத்தம் விலகிய இடம் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. பக்கத்தில் வெள்ளை பனியன் சாட்சியாகக் கிடக்க, அந்த இடம் மஞ்சளாக இருந்தது. வயிற்றில் அழுத்தினேன். மஞ்சள். மறுபடி பாதம். மஞ்சள்.

ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?

"ரெண்டுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்ன ரெண்டு?" என்றார் அம்மா.

"காலுக்கு எறங்கீருச்சும்மா. இது செவுத்து மஞ்சளும் இல்ல, பூசின மஞ்சளும் இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"நேத்துத்தான போயிட்டு வந்தோம், சிரிச்சாங்க..."

"இன்னைக்கும் சிரிக்கட்டும்."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மாமியார் குடையைத் தேடப் போனார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார், முடிவு வந்ததும் உடனே சேர்க்கச் சொன்னார். "திங்கக்கெழமை வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா செரமமாயிருக்கும்" என்றார். நான் டார்ச் கதையைச் சொன்னேன். அவர் அதை வாங்கி ஒருதரம் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா இத நம்பி வராம இருந்துறாதீங்க. ரத்தம் பாத்துத்தான் சொல்லோணும். சந்தேகம்னா வாங்க, விக்கலுக்கும் வாங்க" என்றார். டாக்டர் காது வரைக்கும் போயிருக்கிறது அந்த விக்கல்.

இரண்டு நாள் என் மகள் கண்ணில் கட்டோடு நீல வெளிச்சத்துக்கு அடியில் கிடந்தாள். காமாலையைக் கரைக்கிற வெளிச்சமாம். அதற்குக் கீழே எந்த நிறமும் தெரியாது. பிள்ளை, துணி, நர்ஸின் கை எல்லாம் ஒரே நீலம். மார்க் போட்டால் முட்டைதான். ஆனால் அந்த விளக்குக்கு வேறு வேலை. மாமியார் கண்ணாடிக்கு வெளியே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீலமாவா இருக்கும்னு ஒரு பேச்சுக்குத்தானே கேட்டேன். நீலமாவே ஆக்கிட்டாங்களே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தையல் புண் இழுத்தது.

வீட்டுக்கு வந்தபோது கடிகாரம் செல் இல்லாமல் அப்படியே நின்றிருந்தது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, அழிக்காமல் வைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். செய்யலாமா என்று அரைமணி நேரம் யோசித்த பிறகுதான்.

"ஆருங்க?"

யாரென்று சொன்னேன். எந்தக் கம்பெனி என்றும் சொன்னேன். செங்கல் சிவப்பு என்று சொன்னதும் தெரிந்துவிட்டது. "அடடே, காமாலைச் சுடிதாருங்களா! சொல்லுங்க சொல்லுங்க."

நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் சுவர், நீலத் தார்ப்பாய், பூசுமஞ்சள் எல்லாவற்றையும். அவர் இடையிடையே "அட கெரகமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் மாம்பழ மஞ்சள் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, "உங்க குடும்பத்துக்கே அந்தக் கலரு மேல ஒரு இதுங்க" என்றார்.

"கொழந்தை எப்படீங்க இப்ப?"

"கொறஞ்சிருச்சுங்க. பால் குடிக்கறா."

"காலுக்கு எறங்கீருச்சுன்னு சொன்னது ஆரு, நர்சுங்களா?"

"நாந்தானுங்க."

"ஆரக் கேட்டுச் சொன்னீங்க?"

"ஆரையும் கேக்கலீங்க சார். நானே பாத்தேன். நானே சொன்னேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு காற்றாலை சுற்றும் ஓசையும், மாடு கத்துவதும் கேட்டன. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அப்பச் சரிங்க" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதுக்கும் நாளைக்கு வெயிலு வந்தா, வாசல்ல வெச்சு இன்னொருக்கா பாத்துருங்க" என்றார்.